ஒரே பட்டைக்கடியில் இரு சிற்றினங்கள்: பட்டைவண்டுகளோடு வாழும் சிற்றுண்ணி ஒன்றை விவரித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஊசியிலை மரங்களைத் துளைக்கும் பட்டைவண்டுகளின் உடலில் தொற்றிப் பயணிக்கும் சிற்றுண்ணி (mite) ஒன்றைப் புதிய சிற்றினமாக விவரித்து வெளியிட்ட பணியின் பதிவு இது. பணியில் மூவர் இருந்தோம். ஓர் ஆய்வு மாணவி மாதிரிகளைச் சேகரித்து வளர்த்தார். நீண்ட அனுபவமுள்ள வகைப்பாட்டியலாளர் ஒருவர் வழிகாட்டினார். ஸ்லைடுகளைத் தயாரித்துப் படங்களை வரைந்தது என் பொறுப்பு. ஆட்களின் பெயர்களையும் சிற்றினத்தின் பெயரையும் இங்கே தரவில்லை. எங்களுடைய முதல் கையெழுத்துப்படியில் நேர்ந்த ஒரு பிழையும், அது அச்சேறுவதற்கு முன்பே பிடிபட்ட விதமுமே பிறருக்குப் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

பட்டைவண்டின் சுரங்கம் ஒரு வண்டின் வீடு மட்டுமன்று. ஐப்ஸ் பேரினத்தில் ஆண் வண்டு முதலில் பட்டையைத் துளைத்து உள்ளே ஓர் அறையைக் குடைகிறது. அங்கே வந்து சேரும் பெண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தாய்ச்சுரங்கம் அமைத்து அதன் ஓரங்களில் முட்டையிடுகின்றன. இந்த வண்டுகளோடு பூஞ்சைகளும் நூற்புழுக்களும் சிற்றுண்ணிகளும் வந்து குடியேறுகின்றன. அமெரிக்காவின் தென்பகுதிப் பைன் மரங்களில் சிற்றுண்ணி ஆய்வாளர் ஜான் மோசர் 1971-இல் இன்னொருவருடன் இணைந்து வெளியிட்ட பட்டியலில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட சிற்றுண்ணிச் சிற்றினங்கள் இருந்தன. சிற்றுண்ணிகளுக்குச் சிறகு இல்லை. உலர்ந்துபோகும் மரத்திலிருந்து புதிய மரத்திற்குப் போக அவை வண்டையே ஊர்தியாகக் கொள்கின்றன. இந்தப் பயணத்தை எல்லாப் பேரினங்களும் ஒரே பருவத்தில் மேற்கொள்வதில்லை. டார்சோனீமஸ் பேரினத்தில் வளர்ந்த பெண்கள் பயணிக்கின்றன. அவற்றில் சில, பூஞ்சை வித்துகளையும் உடலிலுள்ள சிறு பைகளில் சுமந்து செல்கின்றன. டிரைக்கோயூரோபோடாவில் இரண்டாம் நிம்ஃப் (முழுவளர்ச்சி அடையாத இளம் பருவங்களில் ஒன்று), தன் பின்முனையிலிருந்து சுரக்கும் காம்பு ஒன்றால் வண்டின்மீது ஒட்டிக்கொள்கிறது. ஹிஸ்டியோஸ்டோமாவின் இரண்டாம் நிம்ஃபுக்கு உண்பதற்கு வாயே கிடையாது. உறிஞ்சிகள் கொண்ட தகட்டால் பற்றிக்கொண்டு இடம் மாறுவது மட்டுமே அதன் வேலை.

எங்கள் சிற்றுண்ணி டெண்ட்ரோலேலாப்ஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஹால்பர்ட் 1915-இல் நிறுவிய இப்பேரினத்திலும் வண்டின்மீது பயணிப்பது இரண்டாம் நிம்ஃப் பருவமே. சிற்றினங்களைப் பிரித்தறிய உதவும் பண்புகளில் பலவும், குறிப்பாக ஆணின் இரண்டாம் காலில் உள்ள முட்புடைப்புகளும் கொடுக்குகளின் அமைப்பும், வளர்ந்த உயிரியில்தான் தெளிவாகத் தெரியும். எளிதில் கிடைக்கும் பருவம் ஒன்று, பெயரிடத் தேவைப்படும் பருவம் வேறொன்று என்ற இந்த இடைவெளியிலிருந்துதான் எங்கள் சிக்கல்கள் அனைத்தும் தொடங்கின.

பொறிகளில் முதலில் தெரிந்தது

முதல் கோடையில் மாணவியின் நோக்கம் புதிய சிற்றினம் தேடுவதாக இருக்கவில்லை. பட்டைவண்டுகளின் மணத்தால் ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளில் விழும் ஐப்ஸ் வண்டுகளில் எந்தெந்தச் சிற்றுண்ணிகள் எவ்வளவு வருகின்றன என்று கணக்கெடுப்பதுதான் அவருடைய திட்டம். பொறிகளின் அடியில் இருந்த குப்பிகளில், விழுபவற்றைக் கெடாமல் காக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் ஊற்றப்பட்டிருந்தது. வண்டுகளின் வன்சிறகுகளை (மேலே மூடியிருக்கும் கெட்டியான சிறகுகளை) தூக்கிப் பார்த்தபோது அவற்றின் அடியில் டெண்ட்ரோலேலாப்ஸ் நிம்ஃபுகள் ஒட்டியிருந்தன. பெரும்பாலானவை ஐப்ஸ் வண்டுகளில் பரவலாகக் காணப்படும் டெண்ட்ரோலேலாப்ஸ் குவாட்ரிசீட்டஸ் என்ற சிற்றினத்தோடு ஒத்திருந்தன. சிலவற்றில் மட்டும் பின்முதுகுத் தகட்டின் விளிம்பிலுள்ள நுண்மயிர்கள் கண்ணுக்குப் படும்படி நீண்டிருந்தன. ஒன்றிரண்டில் மட்டும் கண்டிருந்தால் வேறுபாட்டின் எல்லைக்குள் அடக்கிவிட்டிருப்போம். வெவ்வேறு பொறிகளில், வெவ்வேறு வாரங்களில் அதே நீளம் திரும்பத் திரும்ப வந்ததும், இடைப்பட்ட நீளமுள்ள நிம்ஃப் ஒன்றுகூடக் கிடைக்காததும் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தன.

இருந்தும் அந்தப் பொறிகளில் கிடைத்தவற்றைக் கொண்டு விவரிப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. பயணிக்கும் பருவத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால், பின்னர் யாரேனும் வளர்ந்த உயிரியைத் தனியே விவரித்து இன்னொரு பெயர் சூட்டும் வாய்ப்பு உண்டு என்பது முதல் காரணம். பையெமோட்டிடே குடும்பத்தில் ஒரே சிற்றினத்தின் பெண்களிலேயே பயணிக்கும் வடிவமும் பயணிக்காத வடிவமும் வெவ்வேறு சிற்றினங்களென்று எண்ணத்தக்க அளவு மாறுபடுவதை மோசரும் கிராஸும் 1975-இல் எடுத்துக்காட்டியிருந்தார்கள். அந்தக் குடும்பம் எங்கள் குழுவிலிருந்து மிகத் தொலைவிலுள்ளது என்றாலும் எச்சரிக்கை எங்களுக்கும் பொருந்தியது. இரண்டாவது காரணம் குப்பித் திரவம். திரவத்தில் விழுந்த சிற்றுண்ணிகளில் ஒரு பகுதி வண்டிலிருந்து கழன்று அடியில் தங்கிவிடுகிறது. பட்டைவண்டுகளின் மணத்தைத் தேடி தனாசிமஸ் போன்ற கொன்றுண்ணி வண்டுகளும் மோனோகாமஸ் என்ற நீள்கொம்பு வண்டுகளும் அதே பொறிக்கு வந்து விழுகின்றன. குப்பியின் அடியில் கிடக்கும் ஒரு சிற்றுண்ணி எந்த வண்டில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புரவலனை, அதாவது சுமந்து வந்த வண்டை, தவறாகக் குறிக்கும் ஒரு வரி, பட்டியலிலிருந்து பட்டியலுக்குப் படியெடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் வாழும். அப்படி ஒரு வரியை நாங்கள் எழுத விரும்பவில்லை.

மரக்கட்டைகளுக்குத் திரும்பியது

அடுத்த பருவத்தில் வண்டு தாக்கிய மரத்துண்டுகளைச் சேகரித்து, பட்டையை உரித்து, ஒவ்வொரு சுரங்கத்திற்கும் தனி எண் கொடுத்து, அதிலிருந்த சிற்றுண்ணிகளை அந்த எண்ணுக்குரிய குப்பியிலேயே எத்தனாலில் இட்டோம். சுரங்கத்தின் நீளத்தையும் அதில் வண்டு எந்தப் பருவத்தில் இருந்தது என்பதையும் அப்போதே குறித்து வைத்தோம். ஆயினும் பின்னால் எங்களைக் காலை வாரிய குறை ஒன்று இந்தக் குறிப்பேட்டில் இருந்தது. எண் சுரங்கத்திற்கு இருந்ததேயன்றித் தனித்தனிச் சிற்றுண்ணிக்கு இருக்கவில்லை.

அந்த மாதிரிகளில் வளர்ந்த பெண்கள் போதிய அளவு கிடைத்தன. விளிம்பு மயிர்கள் நிம்ஃபுகளில் கண்டதைப் போலவே நீண்டிருந்ததால் இவை அவற்றின் தாய்மார் என்பதில் எங்களுக்கு ஐயம் எழவில்லை. ஆண்கள் மிகச் சில மட்டுமே கிடைத்தன. ஒரே தாய்ச்சுரங்கத்தில், எங்கள் பெண்களோடு சேர்ந்து இரண்டு ஆண்கள் இருந்தன. உடலளவு பொருந்தியது, முன்முதுகுத் தகட்டிலுள்ள கெட்டிப்பட்ட முடிச்சுகளின் அமைப்பும் பொருந்தியது. பின்தகட்டு மயிர்கள் மட்டும் பெண்ணினுடையவற்றைவிடக் குட்டையாக இருந்தன. அது பால்வேறுபாடாக இருக்கலாம் என்று எழுதிவிட்டு, அந்த இரண்டையும் இச்சிற்றினத்தின் ஆண் என்று விவரித்து, படம் வரைந்து, முதல் கையெழுத்துப்படியை முடித்தோம். அந்தப் படத்தை வரைந்தவன் நான். இரண்டாம் காலின் தொடைப்பகுதியிலிருந்த பெரிய முட்புடைப்பைச் சிற்றினத்தின் சிறந்த அடையாளமாகக் குறிப்பிட்ட வாக்கியமும் என்னுடையதே.

வளர்ப்பறைகளில் எழுந்த ஐயம்

கையெழுத்துப்படி இதழுக்கு அனுப்பப்படுவதற்குமுன் மாணவிக்கு ஒரு சிறு வேலை எஞ்சியிருந்தது. இரண்டாம் நிம்ஃபைத் துல்லியமாக வரைய, நசுங்காத மாதிரிகள் தேவைப்பட்டன. ஆகவே புதிதாகப் பட்டையைத் துளைத்து வெளியேறிய வண்டுகளை ஒவ்வொன்றாகத் தனிக்குப்பியில் பிடித்து, அவற்றின் வன்சிறகடியிலிருந்து நிம்ஃபுகளை மெல்லிய தூரிகையால் எடுத்து, அடியில் பாரிஸ் சாந்தும் கரித்தூளும் கலந்து ஊற்றிய சிறு அறைகளில் அறைக்கு ஒன்றாக விட்டார். ஈரம் காக்கும் அந்தத் தளத்தின்மேல் வெறுமனே விடப்பட்டவை பல நாள் தோலுரிக்கவே இல்லை. புதிய பட்டையின் உட்பகுதித் துணுக்கையும் சுரங்கத் தூளையும், அதோடு உணவாக நூற்புழுக்களையும் இட்ட பின்னரே அவை தோலுரித்து வளர்ந்த உயிரிகளாயின. பயணம் முடிந்துவிட்டது என்பதை அவை அந்தப் பட்டையிலிருந்து அறிகின்றன என்றே எண்ணத் தோன்றுகிறது. எனினும் இதைத் தனியே சோதித்துப் பார்க்கவில்லை என்பதால் கட்டுரையில் ஒரு கவனிப்பாக மட்டும் குறிப்பிட்டோம்.

மாணவி செய்த இன்னொரு செயலுக்காக நான் இன்றுவரை அவருக்கு நன்றியுடையவன். ஒவ்வோர் அறையிலும் உரித்துவிடப்பட்ட நிம்ஃபின் தோலை எறிந்துவிடாமல், அதிலிருந்து வெளிவந்த உயிரியோடு ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தயாரிக்கச் சொன்னார். இதனால் எந்த நிம்ஃப் எந்த வளர்ந்த உயிரியாயிற்று என்பதை ஊகிக்கும் தேவையே இல்லாமல் போயிற்று. நீண்ட விளிம்பு மயிர்கள் கொண்ட தோல்களிலிருந்து பெண்களும் வந்தன, ஆண்களும் வந்தன. ஆனால் அந்த ஆண்களின் தொடையில் நான் வரைந்திருந்த பெரிய முட்புடைப்பு இல்லை. அதே இடத்தில் சிறிய, மழுங்கிய புடைப்பு ஒன்றுதான் இருந்தது. பின்தகட்டு மயிர்கள் பெண்ணினுடையவற்றைப் போலவே நீண்டிருந்தன.

முதலில் நாங்கள் தேடியது எங்கள் படத்தைக் காப்பாற்றும் விளக்கத்தைத்தான். அறையில் உணவு போதாமல் புடைப்பு வளராமல் போயிருக்கலாம் என்றேன். மூத்த ஆய்வாளர் அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. குட்டை மயிர் நிம்ஃபுகளையும் அதேபோல் தனியறைகளில், அதே உணவில் வளர்க்கச் சொன்னார். அவற்றிலிருந்து வந்த ஆண்கள் அனைத்திலும் பெரிய முட்புடைப்பு இருந்தது. உணவுக்குறை என்ற விளக்கம் அத்தோடு விழுந்தது. நாங்கள் ‘புதிய சிற்றினத்தின் ஆண்’ என்று விவரித்திருந்தது, அதே சுரங்கத்தில் வாழ்ந்த பழைய சிற்றினத்தின் ஆண்.

மூலக்கூறுச் சான்றையும் நாடினோம். பொதுவாகப் பயன்படும், 1994-இல் ஃபோல்மர் குழுவினர் வெளியிட்ட முன்தொடரிகளை (மரபணுவில் படிக்க வேண்டிய பகுதியைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) கொண்டு, மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவிலிருந்து 658 கார இணைகள் நீளமுள்ள துண்டைப் பெருக்கிப் படித்தோம். உடலை அரைக்காமல், கரைப்பான் உள்ளே சென்று திசுவை மட்டும் கரைக்கும் முறையில் டி.என்.ஏ. எடுத்ததால், எஞ்சிய புறக்கூட்டை மீட்டு ஸ்லைடாக்க முடிந்தது. வளர்ப்பறை ஆண்கள் எங்கள் பெண்களோடு ஒரே தொகுதியில் அமைந்தன. அதே சுரங்கத்திலிருந்து எத்தனாலில் மீந்திருந்த, பெரிய முட்புடைப்புடைய இன்னோர் ஆண் குட்டை மயிர்த் தொகுதியில் சேர்ந்தது. இரு தொகுதிகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு, ஒவ்வொன்றின் உள்ளேயும் கண்ட வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரிது. ஆயினும் தீர்ப்பை முதலில் சொன்னவை தோல்களே என்பதைப் பதிவு செய்கிறேன். டி.என்.ஏ. வசதியில்லாதவர்களும் இந்த முறையைப் பின்பற்றலாம் என்பதால் இது முக்கியம்.

முதல் கையெழுத்துப்படியைத் திருத்தாமல் முழுவதுமாக விலக்கினோம். ஆணின் பத்தியை மட்டும் மாற்றினால் போதுமே என்ற யோசனையும் எழுந்தது. ஆனால் பெண்ணின் அளவுகளிலும் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தை அந்த வழியில் தீர்க்க முடியாது. எல்லா ஸ்லைடுகளையும் மறுபடி பார்த்ததில் பெண்களில் இரண்டு தவறாகச் சேர்ந்திருந்தன. அளவுப் பட்டியல் புதிதாக எழுதப்பட்டது.

பழைய பெயர்களைச் சரிபார்த்தல்

ஒரு சிற்றினம் தனித்தது என்று காட்டுவது ஒரு பணி. அதற்கு முன்பே பெயர் இல்லை என்று காட்டுவது அதைவிடப் பெரிய பணி. இப்பேரினத்திற்கு ஹிர்ஷ்மனும் விஷ்னியெவ்ஸ்கியும் 1982-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட உலகளாவிய திருத்தாய்வுதான் தொடக்கப் புள்ளி. மயிர்களுக்கு நாங்கள் கையாண்டது 1965-இல் லிண்ட்குவிஸ்டும் எவன்ஸும் வகுத்த குறியீடு. அதில் முதுகின் முன்பாதி மயிர்களுக்குச் சிற்றெழுத்துகளும் பின்பாதி மயிர்களுக்குப் பேரெழுத்துகளும் வழங்கும். பழைய விவரிப்புகளின் படங்களை மயிர் மயிராக இந்தக் குறியீட்டுக்கு மாற்றி எழுதிய பிறகுதான் ஒப்பிடவே முடிந்தது. இது பல வாரங்கள் எடுத்த, வெளியில் தெரியாத உழைப்பு.

விவரிப்பு சுருக்கமாக இருந்த இடங்களில் வகைமாதிரிகளையே (பெயர் சூட்டியபோது அடிப்படையாகக் கொண்ட மூல மாதிரிகளையே) பார்க்க வேண்டியிருந்தது. இத்தாலியச் சிற்றுண்ணி ஆய்வாளர் அந்தோனியோ பெர்லேஸேயின் ஸ்லைடுகள் இன்றும் ஃபுளோரன்ஸ் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. நூறாண்டு பழைய ஸ்லைடில் ஒரு மயிரின் நீளம் தெரியும்போது, அந்த மாதிரியைக் காத்தவர்கள் அனைவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு தவிர்க்க முடியாதது. ஒப்பீட்டில் எங்கள் மாதிரிகள் எந்தப் பழைய பெயருக்குள்ளும் அடங்கவில்லை.

ஸ்லைடு, ஹோலோடைப், பெயர்

அரை மில்லிமீட்டரைத் தாண்டாத இந்த உயிரிகளை லாக்டிக் அமிலத்தில் தெளிய வைத்து ஹோயர் ஊடகத்தில் பதித்தோம். 50 மி.லி. நீர், 30 கிராம் அரபிக் கோந்து, 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், 20 மி.லி. கிளிசரால் என்பது அதன் வழக்கமான கலவை. அது கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் நீரில் கரைவது. விளிம்பை வண்ணப்பூச்சால் முத்திரையிடாவிட்டால் காலப்போக்கில் உலர்ந்து கெடும். முதல் தொகுதி ஸ்லைடுகளில் மூடுதட்டு அழுந்தி உடல்கள் அகன்றுவிட்டிருந்தன. ஆகவே உடலின் அகலத்தை வேறுபடுத்தும் பண்பாகக் கொள்ளாமல், எளிதில் விரியாத தகடுகளின் அளவுகளையும் மயிர் நீளங்களையும் மட்டும் பயன்படுத்தினோம்.

விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி, 1999-க்குப் பின் வெளியாகும் புதிய சிற்றினப் பெயருக்கு அது புதிது என்ற வெளிப்படையான குறிப்பும், பெயரைத் தாங்கும் மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்ற அறிவிப்பும் தேவை. பெயரைத் தாங்கும் அந்த ஒற்றை மாதிரியாக, அதாவது ஹோலோடைப்பாக, எதைத் தெரிவு செய்வது என்பதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. மரபணு படிக்கப்பட்ட பெண்ணின் புறக்கூட்டில் சில மயிர்கள் உதிர்ந்திருந்தன. சுரங்கத்திலிருந்து வந்த பெண் முழுமையாக இருந்தது. ஆனால் அதன் இளமைப்பருவம் நமக்குத் தெரியாது. இறுதியில் வளர்ப்பறையில் வந்த, மயிர் ஒன்றும் குறையாத, தன் நிம்ஃப் தோலோடு ஒரே ஸ்லைடில் இருக்கும் பெண்ணைத் தெரிவு செய்தோம். மரபணு படிக்கப்பட்டவை பாராடைப்புகளாயின, அதாவது துணை மாதிரிகளாயின.

பெயரைப் பொறுத்தவரை, புரவலன் வண்டின் பெயரால் அழைக்கும் முதல் எண்ணத்தைக் கைவிட்டோம். நாளை வேறு வண்டுகளிலும் இது கிடைத்தால் அந்தப் பெயர் படிப்பவரைத் தவறான திசைக்கு இட்டுச் செல்லும். விளிம்பு மயிரைச் சுட்டும் பெயரடையைத் தெரிவு செய்து, பேரினப் பெயர் ஆண்பாலாக வழங்குவதால் அதற்கேற்ற ஈற்றை அமைத்தோம். மாணவியின் ஆய்வேடு கட்டுரைக்கு முன்பே வெளிவர இருந்தது. அதில் பெயர் இடம்பெற்று, அதுவே முதல் வெளியீடு ஆகிவிடுமோ என்ற குழப்பம் எழாதிருக்க, ஆய்வேட்டில் பெயரின்றிக் குறியீட்டு எண்ணை மட்டும் பயன்படுத்தி, பெயரிடல் நோக்கில் அது வெளியீடு அன்று என்ற அறிவிப்பையும் சேர்த்தோம். இதழ் மின்வடிவில் மட்டும் வருவது என்பதால், 2012-இல் வந்த திருத்தம் கோரியபடி விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் முன்பதிவு செய்து அந்தச் சான்றைக் கட்டுரைக்குள்ளேயே அச்சிட்டோம்.

தொடர்ந்து நடந்தவை

மதிப்பாய்வாளர்களில் ஒருவர் ஆணின் அடையாளத்திற்கு என்ன சான்று என்று முதல் கேள்வியிலேயே கேட்டார். தோல்களோடு கூடிய ஸ்லைடுகளின் படங்கள் அவருக்கு விடையாயின. முதல் கையெழுத்துப்படியை அனுப்பியிருந்தால் அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருந்திருக்காது. கேள்வி எழாமலே போயிருந்தால் இன்னும் மோசமாக, இரு சிற்றினங்களின் கலவை ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருப்போம்.

கட்டுரை வெளியான பின் பழைய சேகரிப்பைத் திரும்பப் பார்த்ததில், குவாட்ரிசீட்டஸ் என்று முத்திரையிடப்பட்ட ஸ்லைடுகள் சிலவற்றில் எங்கள் சிற்றினம் இருந்தது. அவற்றில் சில பல ஆண்டுகளுக்கு முன் நானே தயாரித்தவை. வளர்ப்பறைகளில் அது நூற்புழுக்களை உண்டதைப் பார்த்தோம். நூற்புழுக்களை உண்ணும் டெண்ட்ரோலேலாப்ஸ் நியோடைசீட்டஸ், வண்டின் உள்ளொட்டுண்ணி நூற்புழுக்களைக் குறைத்துத் தன்னைச் சுமக்கும் வண்டுக்கு நன்மை செய்வதாக 1980-இல் கின் காட்டியிருக்கிறார். எங்கள் சிற்றினத்திற்கும் அத்தகைய உறவு இருக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்குச் சரியான பெயர் இருப்பதே முதல் தேவை என்பதால்தான் இவ்வளவு காலம் செலவிட்டோம். பெயர் கலந்திருந்தால் உணவுப் பழக்கமும் கலந்தே பதிவாகியிருக்கும்.

இனி மாற்றிச் செய்வன

எண் கொடுப்பதைச் சுரங்கத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சிற்றுண்ணிக்கும் கொடுக்கிறோம். தனியறை வளர்ப்பை, படத்திற்கான கடைசி வேலையாக வைக்காமல், கட்டையை உரிக்கும் அதே வாரத்தில் தொடங்குகிறோம். பட்டை காய்ந்துவிட்டால் நிம்ஃபுகள் தோலுரிக்க மறுப்பதால் இதைத் தள்ளிப்போட வழியில்லை. ஸ்லைடுகளில் பாதியை வயிறு மேலாகப் பதிக்கிறோம். முன்பு எல்லாவற்றையும் முதுகு மேலாகப் பதித்ததால் கொடுக்குகளைப் பார்க்க இருந்த சில ஆண்களைப் பிரித்து மீண்டும் பதிக்க வேண்டியதாயிற்று. ஹோலோடைப்பிலிருந்தே டி.என்.ஏ. எடுக்க இனி முயல்வோம். மயிர் உதிராமல் அதைச் செய்யக் கை பழக வேண்டும் என்பதால், பொதுவான சிற்றினங்களில் இப்போதே பழகி வருகிறோம். பொறிகளிலிருந்து வந்த நீள்கொம்பு வண்டுகளின் உடலிலும் எங்கள் சிற்றினத்தின் நிம்ஃப் ஒன்று இருந்தது. குப்பித் திரவத்தில் அது இடம் மாறியிருக்கலாம் என்பதால் புரவலன் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. உலர்ந்த குப்பிகளில் அந்த வண்டுகளைத் தனித்தனியே பிடிக்கும் வேலை அடுத்த பருவத்திற்குத் திட்டமிடப்பட்டுள்ளது.

முதல் கையெழுத்துப்படிக்காக நான் வரைந்த அந்த இரண்டு ஆண்களின் ஸ்லைடுகளும் சேகரிப்பில் இருக்கின்றன. பழைய முத்திரைச் சீட்டைக் கிழிக்காமல், அதன் கீழே சரியான பெயரையும் தேதியையும் திருத்தியவரின் முதலெழுத்துகளையும் தாங்கிய இரண்டாவது சீட்டை ஒட்டி வைத்திருக்கிறோம்.